பெரம்பூர் லோக்கலின் மூன்றாவது குரல்

அதை மேஜைமேல் வைக்காதே. ஸ்டூலில் வை. திறக்காதே. திறக்காமலே பேசலாம்.

உட்கார். கிளாரன்ஸ் மகள் என்று நீ சொல்லவே வேண்டாம். கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அதே தாடை. பேர் என்ன சொன்னாய்? லினெட். சரி. காபி கிடையாது. வேலைக்கார அம்மா பத்து மணிக்கே போய்விட்டாள். அடுப்புப் பக்கம் நான் போவதில்லை. எண்பத்தொரு வயது. வேறொன்றுமில்லை.

அந்த லேப்டாப் என்ன செய்யும் என்றாய்? இன்னொரு தரம் சொல்.

நான்கு பேர் சேர்ந்து பாடியதை நான்காகப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு குரலும் தனித்தனியாக. நாங்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடினோம், தெரியுமா? நான்கு குரலும் ஒரே டேப்பில், ஒரே கோட்டில். சாம்பாரிலிருந்து புளியைத் தனியாக எடுக்கிறேன் என்கிறாய். எடுத்துவிடும் என்று உன் ஆபீஸ் பையன் சொன்னானாக்கும். நான் நம்பமாட்டேன். இயந்திரம் தப்பாகச் சொல்லும். இல்லாததை இருக்கிறது என்று சொல்லும். இருக்கிறதை இல்லை என்று சொல்லும்.

திறக்காதே என்றேன்.

கேட்க வந்ததைக் கேள். சொல்லிவிடுகிறேன். சொன்னபிறகு நீ போகலாம்.

ஹார்பர் ஃபோர். அதுதான் எங்கள் குழுவின் பெயர். நான்கு பேரில் ஒருத்தருக்குக்கூட ஹார்பர் பக்கம் வீடு இல்லை. உன் அப்பா அங்கே குமாஸ்தா, அவ்வளவுதான். டோரினுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அவளுக்குப் பிடித்தால் முடிந்தது. டோரின், அவள் சித்தி மகள் ஐரிஸ், உன் அப்பா, நான். மூன்று பேர் ஆங்கிலோ இந்தியர். நான் மட்டும் தமிழ். பெரம்பூர் வேகன் பட்டறையில் வரைபடத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்துக் கோடு இழுக்கிற வேலை. சர்ச் பாட்டுக் குழுவில் பேஸ் பாடுவேன், அதாவது அடிக்குரல். ஒரு ரயில்வே கல்யாணத்தில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு டோரின் நேராக வந்தாள். "உனக்கு ஜாஸ் தெரியுமா மேன்?" தெரியாது என்றேன். "நல்லதாப் போச்சு. அப்ப தப்பா தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல" என்றாள். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில்தான் சொல்வேன். இஸ்ரவேல் என்ற பேரை இஸ்ஸி என்று வெட்டினதும் அவள்தான்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மவுண்ட் ரோடு ஓட்டலில் பாடுவோம். ஜாம் செஷன் என்பார்கள். சர்ச் முடிந்து நேராக அங்கே. நான்கு பேருக்கும் ஒரே நீலத்தில் டை, பெண்களுக்கு அதே நீலத்தில் கழுத்துத் துணி. கீழே தட்டுச் சத்தம், கரண்டிச் சத்தம், சிரிப்பு, ஐஸ் உடைக்கிற சத்தம். அதில் நான் ராஜா மாதிரி பாடுவேன். பயமே கிடையாது. என் குரலை யாரும் கேட்காத இடத்தில் என்ன பயம்?

நான்கு குரல் எப்படி நிற்கும் தெரியுமா? உன் அப்பா சொல்லியிருக்கமாட்டானா? மேலே டோரின், அதற்குக் கீழே ஐரிஸ், மூன்றாவது உன் அப்பா, அடியில் நான். ஊர் கேட்பது மேலே இருப்பவளைத்தான். அடியில் இருப்பவனை யாரும் கேட்பதில்லை. ஆனால் அவன் நின்றுவிட்டால் மூன்று பேரும் விழுவார்கள். சுருதி போய், தாளம் போய், பாட்டே உட்கார்ந்துவிடும். மூன்றாவது ஆள் நின்றால் அப்படி இல்லை. ஏதோ உப்புக் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொள்.

அறுபத்தாறில் டோரின் ஒரு பாட்டுக் கட்டினாள். 'பெரம்பூர் லோக்கல்'. ஒருத்தி ரயில் ஏறி சென்ட்ரலுக்கு ஒருத்தனைப் பார்க்கப் போகிறாள், அவன் வரவில்லை, திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் ரயில் முழுக்க எங்கள் வாயில்தான். சக்கரம் நான். டும்-ப-டும்-ப, டும்-ப-டும்-ப. மூன்று நிமிஷமும் நிறுத்தக்கூடாது. ஊதல் உன் அப்பா. ஒவ்வொரு வரி முடிவிலும் 'ஊ' என்று ஒரு இழுப்பு இழுப்பான். நிஜ நீராவி எஞ்சின் தோற்றுப்போகும். ஓட்டலில் சாப்பிடுகிறவன் கையில் எடுத்ததோடு நிமிர்ந்து பார்ப்பான். அந்த ஊதலுக்காகவே ஆட்கள் வருவார்கள். உண்மையைச் சொல்கிறேன்.

ரெக்கார்டு கம்பெனிக்காரன் ஒருத்தன் அதைக் கேட்டான். சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. கோடம்பாக்கத்தில் சினிமாப் பாட்டு எடுக்கிற கூடம். செவ்வாய்க்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எங்களுக்கு. பன்னிரண்டுக்குமேல் ஒரு சினிமாக் கோஷ்டி, நாற்பது வயலின். நான் பட்டறையில் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதினது பலித்துவிட்டது.

அந்தக் கூடம். நீ அப்படி ஒரு இடத்துக்குப் போயிருக்கமாட்டாய். சுவர் முழுக்கக் கயிற்றுப் பாய். கதவைச் சாத்தினால் காதில் பஞ்சை அடைத்த மாதிரி. தட்டுச் சத்தம் இல்லை. சிரிப்பு இல்லை. என் கைக்கடிகாரம் ஓடுவது எனக்கே கேட்கிறது. ரங்கபாஷ்யம் என்று ஒரு ஒலிப்பதிவுக்காரர், நெற்றியில் திருமண், வாயில் வெற்றிலை. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார். டோரினுக்கு மைக்கிலிருந்து மூன்றடி. ஐரிசுக்கு மூன்றரை. இரண்டு பெண்களும் மைக்குக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் உன் அப்பாவும் நானும், தோளோடு தோள். "கோட்டைத் தாண்டினா வெளில அனுப்பிடுவேன்" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தச் சிவப்பு விளக்கை நீ பார்த்திருக்கவேண்டும்.

பின்னணிக்கு ஒரு கிட்டார்க்காரனைக் கம்பெனி அனுப்பியிருந்தது, முதல் தடவை அவன் கம்பி அறுந்தது. இரண்டாம் தடவை ஐரிஸ் இருமினாள். ஒத்திகை, கம்பி மாற்றல் எல்லாம் சேர்ந்து மணி பதினொன்றே முக்கால். வெளியே வயலின்காரர்கள் வந்துவிட்டார்கள், கதவில் இருந்த கண்ணாடி ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். ரங்கபாஷ்யம் சொன்னார், "இதுதான் கடைசி. வந்தா வந்தது. வராட்டி ஆத்துக்குப் போங்கோ."

மூன்றாம் தடவை. முதல் சரணம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் சரணத்தில் உன் அப்பா நின்றுவிட்டான். ஊதல் வரவில்லை. கடைசிவரைக்கும் வரவில்லை. பயந்துவிட்டான். அதுதான் நடந்தது. ரெக்கார்டைக் கேட்ட எல்லாருக்கும் தெரியும். டோரின் அவனை விலக்கினாள். வேறு ஒரு ஆளைச் சேர்த்தாள். நாங்கள் இன்னும் எட்டு வருஷம் பாடினோம், இன்னும் நான்கு ரெக்கார்டு போட்டோம். முடிந்தது. போதுமா?

என்ன?

அவனே அப்படித்தான் சொல்வானா? வீட்டிலுமா? உன் அம்மாவிடமும்?

'நான் பயந்து நின்னுட்டேன்' என்று. அவன் வாயாலே.

அந்த ஜன்னலைத் திற. காற்றே இல்லை. திறந்துதான் இருக்கிறதா. சரி.

அவனே சொல்லிவிட்டான் என்றால் நீ எதற்கு வந்தாய்? அவன் சொன்னது, நான் சொன்னது, இரண்டும் ஒன்று. சரியாகப் போயிற்று. கிளம்பு.

ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை? பேசு. இல்லை, பேசாதே. நான் பேசுகிறேன். டோரினைப் பற்றிக் கேட்டாயே. கெட்டிக்காரி, ஆனால் என்மேல் பொறாமை. முதல் ரெக்கார்டில் நான் மைக்கிலிருந்து இரண்டடி. இரண்டாவதில் என்னை நான்கடிக்குத் தள்ளினாள். மூன்றாவதில் ஐந்தடி. கத்துகிறேனாம். "இஸ்ஸி, இது பட்டறை இல்ல, மைக்" என்பாள். எல்லார் எதிரிலும். சிவப்பு விளக்கு எரிந்தால் நான் தொண்டை கிழியப் பாடுவேன், என்ன தப்பு? எழுபத்து நான்கில் அவள் ஆஸ்திரேலியா போனாள். வழியனுப்ப மீனம்பாக்கம் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "நீ நல்லா பாடின இஸ்ஸி. ரெண்டாவது ரெக்கார்டுலேருந்து." அதென்ன இரண்டாவதிலிருந்து? முதலாவது என்ன கெட்டுப்போயிற்று? புரியாத மாதிரி நின்றேன். புரியவில்லை என்று சொல்கிறேன்.

நீ ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

என்ன சொன்னாய் இப்போது? இன்னொரு தரம் சொல். மெதுவாக.

பாத்திரம் கழுவும்போது பாடுவான். சரி. எல்லா அப்பனும் பாடுவான். ஊதல்தானே பாடுவான்?

டும்-ப-டும்-ப.

என் சக்கரத்தை மட்டுமா? ஊதலே இல்லையா? நாற்பது வருஷமாகவா?

நீ இதை ஏற்கெனவே பிரித்துப் பார்த்துவிட்டாய். இல்லையா? நேற்றோ முந்தாநாளோ உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாய். அடியில் இருக்கிற குரலை எடுத்துக் கேட்டாய், பாத்திரம் கழுவுகிற குரல் வந்தது. அப்படியானால் என்னிடம் ஏன் கேட்கிறாய்? என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தாயா?

கோபமில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. பயமாக இருக்கிறது. ஐம்பத்தெட்டு வருஷமாக இந்த மணி எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ காலையில் அடித்தாய் பார், அந்த வாசல் மணி. தபால்காரன் அடித்தாலும் எனக்கு ஒரு நிமிஷம் ஆகும், எழுந்திருக்க.

சரி. கேள். ஒரே தரம்தான் சொல்வேன்.

முதல் சரணம் நன்றாகத்தான் போயிற்று. அது முடிந்த இடத்தில் நான் தலையைத் தூக்கினேன். தூக்கியிருக்கக்கூடாது. கதவு ஓட்டையில் ஒரு வயலின்காரன் முகம். கிழவன். அவன் பாட்டைக் கேட்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது போய்விடாது. ஓட்டலில் பாடினது காற்றில் போய்விடும். இது இருக்கும். நான் செத்த பிறகும் எவனோ ஒருத்தன் வீட்டில் உட்கார்ந்து என் வாயைக் கேட்டுக்கொண்டிருப்பான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்கிறேன், டும் என்று உதடு போகிறது, உள்ளே ஒன்றுமில்லை. கிணற்றில் வாளி போட்டுச் சத்தம் வராத மாதிரி.

அரை மாத்திரை. அதற்குள் உன் அப்பா இறங்கிவிட்டான். ஊதலுக்காக மூச்சை இழுத்தவன், அதே மூச்சில் என் சக்கரத்தை எடுத்துக்கொண்டான். டும்-ப-டும்-ப. அவன் தொண்டைக்கு அது எட்டாத பள்ளம். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. முழங்கையால் என் விலாவில் இடித்தான். வா, உள்ளே வா என்று. நான் போகவில்லை. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். கடைசிவரைக்கும். அந்தப் பக்கம் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். பார்க்கவில்லை.

எனக்காகச் செய்தான் என்று நினைக்காதே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். பாட்டுக்காகச் செய்தான். சக்கரம் நின்றால் ரயில் நின்றுவிடும். ஊதல் நின்றால் ரயில் போகும். அவ்வளவுதான் கணக்கு. நல்ல பாட்டுக்காரன் எவனும் அதைத்தான் செய்வான். நான் செய்திருப்பேனா என்று கேட்காதே.

பிறகு டேப்பைத் திருப்பிப் போட்டார். சின்ன ஸ்பீக்கர். அதில் அடிக்குரல் வெறும் உறுமல்தான். யார் உறுமுகிறார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. ஆனால் ஊதல் இல்லாதது ஊருக்கே தெரியும். டோரின் முகம் வெளுத்துவிட்டது. "எங்க என் விசில்? கிளாரன்ஸ், எங்கடா என் விசில்?" என்று கத்தினாள். மணி பன்னிரண்டு. கதவைத் தட்டுகிறார்கள்.

உன் அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. மேடையில் நான் நுழையவேண்டிய இடம் வந்தால் அவன் என்னைப் பார்ப்பான், புருவத்தைத் தூக்கி, 'உன் முறை' என்று. அதே பார்வை. நான் நுழைய எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுத்தான்.

நான் தரையில் சாக்கட்டிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொண்ட காஞ்சு போச்சு டோரின். பயந்துட்டேன்" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதே என்று டோரின் அவனிடம் சொன்னாள். அப்போதும் யாரும் என்னைக் கேட்கவில்லை. ரெக்கார்டு வந்தது. ரேடியோவில் போட்டார்கள். ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான், இரண்டாம் சரணத்தில் ஊதல் இல்லாமல் ரயில் போவது அந்தப் பெண்ணின் ஏமாற்றத்தைக் காட்டுகிறதாம். மேதைமையாம். டோரின் அதை வெட்டி ஃபிரேம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். பிறகு ஒரு நாள் கழற்றிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். பயம்.

ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். என் மனைவி, புண்ணியவதி, போய்ச் சேர்ந்துவிட்டாள், எவ்வளவு அடக்கம் பார் இவருக்கு என்று எல்லாரிடமும் சொல்லுவாள். எழுபதில் ஒரு தரம் மூர் மார்க்கெட்டில் உன் அப்பாவைப் பார்த்தேன். எதிரே வருகிறான். கிளி விற்கிற கடை, கூண்டுக் கூண்டாக அடுக்கி வைத்திருந்தான். அதற்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். பட்டறையில் சீனியர் டிரேசர் நான் அப்போது, கழுத்தில் டை. கடைக்காரன், "சார், எது வேணும்?" என்கிறான். பேசாதேடா என்று கையைக் காட்டுகிறேன். கிளிகள் எல்லாம் சேர்ந்து கத்துகின்றன. உன் அப்பா நின்று அந்தப் பக்கம் பார்த்தான். கையில் ஒரு குழந்தை. நாலு வயசு இருக்கும். கிளியைக் காட்டு என்று இழுத்தது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனான்.

நீதானா அது? ஞாபகமில்லையா. நல்லது.

பார்த்துவிட்டானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திற. திறந்து போடு. நான்தானே சொல்கிறேன். அடிக்குரலை மட்டும் போடு. இரண்டாம் சரணம்.

...

சத்தத்தைக் கூட்டு. என் காது அவ்வளவு நன்றாக இல்லை.

...

அவன்தான். அந்தப் பள்ளத்துக்கு எட்டவில்லை பார், பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறான். அரைச் சுருதி மேலே நிற்கிறான். நான் பாடியிருந்தால் சரியாக அதன் நடுவில் இறங்கியிருப்பேன். வீம்புக்குச் சொல்லவில்லை, அது என் இடம்.

நிறுத்து. அது என்ன? நடுவில். உஸ்ஸென்று. சரண வரிக்கு முன்னால் ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. திரும்பப் போடு.

மூச்சு. அவன் மூச்சு இல்லை அது. அவன் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறான், அப்போது எப்படி மூச்சு இழுப்பான்? அது நான். நான் மூச்சு வாங்க வேண்டிய இடத்திலெல்லாம் வாங்கியிருக்கிறேன். சரியான இடம். ஒன்றுகூடத் தவறவில்லை. இழுத்ததை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை.

மூடிவிடு.

இப்போது சொல். என்ன செய்யப்போகிறாய்? பேப்பரில் போடப்போகிறாயா? ஆஸ்திரேலியாவில் டோரினின் பிள்ளைகளுக்கு எழுதப்போகிறாயா? எழுது. என் பேருக்குப் பக்கத்தில் என்ன போடுவாய்? திட்டுவதானால் திட்டிவிடு. நீ இப்படிச் சும்மா இருப்பதுதான் தாங்கவில்லை. அவனும் இப்படித்தான் சும்மா இருந்தான்.

ஒன்றும் செய்யமாட்டாயா? பிறகு ஏன் பரங்கிமலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாய்?

யார்?

எங்கே? கீழேயா?

கீழே வண்டியிலா கிளாரன்ஸ் உட்கார்ந்திருக்கிறான்?

உயிரோடு இருக்கிறானா? நீ சொல்லவே இல்லையே! நான் கேட்கவில்லையா? ஆமாம், கேட்கவில்லை. வந்ததிலிருந்து 'இருக்கிறானா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பார்.

முழங்கால் மடங்காது, மூன்று மாடி ஏற முடியாது. சரி. என்ன சொல்லி அனுப்பினான்? சரியாக அவன் சொன்ன மாதிரியே சொல்.

"வந்தா வரட்டும். வராட்டி கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிடலாம்."

அவ்வளவுதானா? என்னை என்ன கேட்பான்? உன்னிடம் ஏதாவது சொன்னானா? ஒன்றும் கேட்கமாட்டானா? அதுதான் எனக்குப் பயம். அந்தப் புருவத்தைத் தூக்குவான். எண்பத்து நாலு வயதிலும் தூக்குவான். அன்றைக்கு மாதிரி நேரம் கொடுப்பான். நான் என்ன பண்ணுவேன்? கீழே மூன்றாம் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், வாட்ச்மேன் இருக்கிறான், எல்லார் எதிரிலும்...

ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லாதே. பார்த்தால் போகமாட்டேன்.

அந்தச் சட்டையை எடு. நீலம் வேண்டாம், பக்கத்தில் வெள்ளை. பொத்தான் போடு, விரல் பிடிக்கவில்லை. மேல் பொத்தான் வேண்டாம். செருப்பு வாசலில் இருக்கும். உன் லேப்டாப்பை இங்கேயே விட்டுவிடு, திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். எத்தனை நேரமாக உட்கார்ந்திருக்கிறான்? முக்கால் மணியா? வெயிலில் அவனை வைத்துவிட்டு என்னை இவ்வளவு பேசவிட்டாயே, அறிவிருக்கிறதா உனக்கு?

வா. இல்லை, நில். நீ முன்னால் இறங்காதே. நீ முன்னால் போனால் நான் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

நான் முன்னால் போகிறேன். நீ பின்னாலேயே வா. நான் நின்றால், முதுகில் கையை வைத்துத் தள்ளு.